எறும்பு வராத செவ்வாய்

நம் பழைய மாணவர் வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒருத்தர் ஒரு வீடியோ போட்டிருந்தார். கடவுள் இருக்கிறார் என்று விஞ்ஞானமே ஒத்துக்கொண்டுவிட்டதாம். கீழே வரிசையாகக் கும்பிடு. மறுநாள் இன்னொருத்தர் அதற்கு எதிர் வீடியோ போட்டார். அதற்கு ஒரே ஒரு கும்பிடு விழுந்தது. அதுவும் கை தவறிப் பட்டுவிட்டது என்று கும்பிட்டவரே அப்புறம் விளக்கம் எழுதினார். நான் இரண்டையும் கடைசிவரை பார்த்தேன். பென்ஷன் வாங்கிக்கொண்டு முட்டிக்குத் தைலம் தேய்க்கிறவளுக்கு வேறென்ன வேலை?

"நீ இன்னா சொல்றே? சயின்ஸ் வாத்தியாரையே திணற அடிச்சவ நீதானே" என்று, விடுதியில் என் பக்கத்துப் பாயில் படுத்தவள் கேட்டிருந்தாள். பதில் எழுத உட்கார்ந்தேன். கட்டைவிரலால் தட்டி முடிகிற விஷயமாக அது இல்லை. அதனால்தான் இப்படி நீளமாக எழுதுகிறேன். உங்களுக்கும் என் வயசுதான். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு பொய்யை ஒத்துக்கொள்கிறேன். ஆறாம் வகுப்பில் அறுவடை லீவு முடிந்து நீங்கள் எல்லாரும் விடுதிக்குத் திரும்பிவிட்டீர்கள். நான் மட்டும் பத்து நாள் கழித்து வந்தேன். அம்மை போட்டிருந்தது என்று சொன்னேன். தழும்பு எங்கே என்று கேட்டவர்களிடம் முதுகில் என்று சொன்னேன். அம்மையும் இல்லை, காய்ச்சலும் இல்லை. எங்கள் ஊர் என்னைப் பிடித்து வைத்திருந்தது.

சயின்ஸ் வாத்தியாரை நினைவிருக்கிறதா? மலைக்குக் கீழே இருக்கிற கீழ்நாட்டிலிருந்து வந்தவர், நம் மலைக்குளிருக்குச் சித்திரை மாசத்திலும் மஃப்ளர் கட்டியவர். பூமி சூரியனிலிருந்து பிய்ந்து விழுந்த துண்டு என்று அவர் பாடம் நடத்தினார். சூரியன் எதிலிருந்து வந்தது என்று கேட்டேன். நெருப்பு மேகத்திலிருந்து என்றார். அந்த மேகம்? "அது ஏழாங்கிளாஸ்ல வரும், உட்காரு" என்றார். நாம் ஏழாம் வகுப்புக்குப் போனபோது அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போயிருந்தார். அந்தப் பதில் எனக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அந்தக் கேள்வியோடுதான் லீவுக்கு ஊருக்குப் போனேன்.

புதுச் சாமையைச் சாமிக்குக் காட்டாமல் யாரும் வாயில் வைக்கக் கூடாது என்பது உங்கள் ஊர்களிலும் உண்டு. எங்கள் ஊரில் காட்டினால் மட்டும் போதாது, சாமி எடுத்துக்கொண்டதற்குச் சாட்சியும் வேண்டும். ஊருக்கு மேற்கே இடுப்பு உயரத்தில் ஒரு தட்டைப் பாறை. அதன் நடுவில் நட்டு வைத்த ஒரு கல்தான் சாமி. கூரை, சுவர் எதுவும் கிடையாது. அறுவடை முடிந்த முதல் செவ்வாய்க்கிழமை காலையில் பூசாரி ஒரு கைப்பிடி புதுச் சாமை அரிசியை வெல்லத்தோடு பிசறிக் கல்லுக்கு முன்னால் வைப்பார். எறும்பு வந்து இழுத்துக்கொண்டு போக வேண்டும். உச்சிப்பொழுதுக்குள் பாறை சுத்தமாகிவிட்டால் சாமி எடுத்துக்கொண்டது. அன்றைக்கு மத்தியானமே எல்லா அடுப்பிலும் புதுச் சாமை கொதிக்கும். எடுக்காவிட்டால் அடுத்த செவ்வாய் வரை பொறுக்க வேண்டும். ஆனால் அப்படி எடுக்காமல் போனது யாருக்கும் நினைவில் இல்லை. வெல்லத்தை விட்டுவைத்த எறும்பை எங்கே பார்க்க முடியும்?

பெண்கள் அந்தப் பாறைமேல் கால் வைக்கக் கூடாது. ஏறினவள் ஏழு நாள் தாண்ட மாட்டாள் என்பார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் அந்தப் பக்கம் விறகுக்குப் போனால்கூட நாலடி தள்ளித்தான் நடப்பார்கள்.

பூசாரி வேறு யாருமில்லை, என் பெரியப்பா. அந்த வருஷம் அறுவடைக்குச் சில நாள் முன்னால் மலேரியா மருந்து அடிக்கிறவர்கள் பம்போடு வந்தார்கள். வீட்டுச் சுவரெல்லாம் வெள்ளைத் திட்டு. அந்த நாற்றம் உங்களுக்கும் மறந்திருக்காது, குடிக்கிற தண்ணீரில்கூட வரும். மூட்டைப்பூச்சிகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தன. அதைக் கொத்தித் தின்ற எங்கள் கோழி ஒன்றும் செத்தது. பெரியப்பாவுக்கு மட்டும் தாங்க முடியாத சந்தோஷம். "சாமி பாறையாண்ட தேளு ஜாஸ்தியா கீதுங்க, அங்கியும் ஒரு தபா அடிச்சிட்டுப் போங்க" என்று கையோடு கூட்டிப் போனார். வந்தவர்களில் ஒருவர் நல்ல பக்திமான். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, கல்லை மட்டும் விட்டுவிட்டு, மிச்சமிருந்த மருந்தை எல்லாம் பாறை நனைய நனைய அடித்தார். கற்பூரம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்கினார். நான் கீழே நின்று வேடிக்கை பார்த்தேன். அதோடு மறந்தும்போனேன்.

முதல் செவ்வாய் வந்தது. பழைய தானியம் எல்லார் வீட்டிலும் தீர்ந்துபோயிருந்தது. இருபது நாளாகக் காட்டுக் கிழங்கும் வறுத்த புளியங்கொட்டையும்தான். புளியங்கொட்டை தின்ற வயிறு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. களத்தில் புதுச் சாமை குவிந்து கிடந்தது. காற்று அடித்தால் அந்த வாசனை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஊரே பாறையைச் சுற்றி நின்றது. பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு, "மலையைச் செஞ்சவனே, மழையைச் செஞ்சவனே, மண்ணைச் செஞ்சவனே, சாமையைச் செஞ்சவனே" என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்க நிறுத்தினார்.

அந்த இடைவெளியில் நான் கேட்டேன். "சாமியை யாரு செஞ்சது, பெரியப்பா?"

சத்தியமாகக் குறும்புக்குக் கேட்கவில்லை. வாத்தியார் ஏழாம் வகுப்பு வரை காத்திருக்கச் சொல்லியிருந்தார். பெரியப்பாவுக்கு இப்போதே தெரிந்திருந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்பாவின் கை என் தலையில் நறுக்கென்று விழுந்தது. பெரியப்பா சாமையை வைத்துவிட்டு இறங்கினார். எல்லாரும் வெயிலில் உட்கார்ந்து பாறையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

உச்சிப்பொழுது வந்தது. ஒரு எறும்புகூட வரவில்லை. வெல்லம் வெயிலில் உருகிப் பாறையில் வழிந்தது. அதுவரை பாறையைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் எல்லாம் மெதுவாக என் பக்கம் திரும்பின.

இரண்டாவது செவ்வாயும் அதே கதைதான். அதற்குள் நீங்கள் விடுதிக்குப் போய்விட்டீர்கள். எங்கள் ஊரில் குழந்தைகள் களத்து ஓரமாகப் போய் நின்று அழ ஆரம்பித்திருந்தன. என் தம்பி அப்போது தவழ்கிற பிள்ளை. அம்மாவிடம் பால் குறைந்துபோயிருந்தது. அன்று பாறையடியிலேயே ஊர்க்கூட்டம் நடந்தது.

"படிக்கப் போனதால வந்த வாயி இது" என்றார் ஊர்க்கவுண்டர். "மூணாஞ் செவ்வாயும் சாமி எடுக்கலன்னா பொண்ணு படிப்பை நிறுத்திடு. வூட்டோட கெடக்கட்டும். வயசுக்கு வந்தா கட்டிக் குடுத்துடலாம்."

"சரிங்க" என்றார் அப்பா.

எங்கள் ஊரில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டி வெளியூர் விடுதிக்குப் படிக்கப் போன முதல் பெண் நான்தான். எனக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்களை அனுப்பலாமா என்று ஊரில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்தப் பேச்சும் அன்றோடு அடங்கியது.

முதலில் நானும் நம்பினேன் என்பதை மறைக்க மாட்டேன். என் கேள்விதான் சாமியைக் கோபப்படுத்திவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் காலையில் தனியாகப் பாறைக்குப் போய்க் கீழே நின்றபடியே, தெரியாமல் கேட்டுவிட்டேன், மன்னித்துவிடு என்று கும்பிட்டேன். வீட்டுக்கு வந்தால் தம்பி வெறும் மண்ணைச் சப்பிக்கொண்டிருந்தான். அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. கேட்டது என் வாய். தண்டிப்பதென்றால் என் நாக்கை இழுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே. பேசவே தெரியாத பிள்ளையை எதற்குப் பட்டினி போட வேண்டும்? அந்தக் கோபம் எனக்கு ரொம்ப உபயோகமாக இருந்தது. இன்றுவரை இருக்கிறது.

அன்றைக்குக் கடுக்காய் வாங்க வாணியம்பாடி பாய் வந்திருந்தார். தோல் பதனிட எங்கள் மலைக் கடுக்காய்தான் வேண்டுமென்று வருஷா வருஷம் வருகிறவர். மூட்டையைத் தைத்துக்கொண்டே ஊர்க்கதையை எல்லாம் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"நானும் சின்னதுல எங்க மதரசா அஸ்ரத்துகிட்ட இதையேதாம்மா கேட்டேன். பிரம்பு முறிஞ்சுது."

"பதில் சொன்னாரா?"

"பிரம்பை முறிச்சதுக்கு இன்னொரு அடி குடுத்தாரு."

அந்தப் பட்டினி நாட்களில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான். போகும்போது தம்பிக்கு ஒரு வெல்லக் கட்டி கொடுத்துவிட்டுப் போனார். அவன் சப்பியது போக ஒரு துண்டு சுவரோரம் விழுந்துவிட்டது. மறுநாள் காலையில் பார்க்கிறேன், போட்டது போட்டபடி கிடக்கிறது. எங்கள் வீட்டில் வெல்லப் பானையைத் தண்ணீர்த் தட்டில் வைக்காவிட்டால் ஒரு மணி நேரத்தில் பானையே கறுத்துவிடும். அப்படிப்பட்ட வீட்டில் ராத்திரி முழுக்கக் கிடந்த வெல்லத்தை எறும்பு தொடவில்லை.

சுவரைப் பார்த்தேன். வெள்ளைத் திட்டு.

அந்தத் துண்டைப் பொடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பக்கத்து வீடுகளின் சுவரோரம் போட்டேன், வரவில்லை. களத்தில் போட்டேன், ஒரு பாட்டு பாடி முடிப்பதற்குள் வந்துவிட்டன. அத்தை வீட்டுக்குள் போட்டேன். அங்கேயும் வந்தன. அத்தை நாற்றம் தாங்காமல் சுவர், தரை எல்லாவற்றையும் செம்மண்ணும் சாணியும் போட்டு மெழுகிவிட்டிருந்தாள். கடைசியாகப் பாறைக்குப் போனேன். கீழே மண்ணில் எறும்புகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒரு வரிசை பாறைமேல் ஒரு சாண் ஏறியது. ஏறியவை காலை உதறிக்கொண்டு கீழே விழுந்தன. நின்ற இடத்திலிருந்தே பாறை ஓரத்தை விரலால் தேய்த்தேன். விரல் நுனியில் வெள்ளை.

அப்பாவிடம் ஓடினேன். "நைனா, சாமி கோச்சிக்கல. மருந்தாலதான் எறும்பு வரல."

கன்னத்தில் அறை விழுந்தது. "இன்னும் வாயி அடங்கல பாரு."

பெரியப்பாவிடம் போனேன். நான் எதிர்பார்த்ததைவிடப் பொறுமையாகக் கேட்டார். "அப்போ எறும்புதான் சாமின்றியா?" என்றார்.

"எறும்பு சாமி இல்ல, பெரியப்பா. எறும்பு வரலன்னா சாமி வரலன்னு நீங்கதானே சொல்றீங்க."

அவர் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்தேன். மருந்துக்காரர்களைப் பாறைக்குக் கூட்டிப் போனவரே அவர்தான். நான் சொன்னது உண்மையென்றால் ஊரைப் பட்டினி போட்டது அவர். மனிதர் பயந்துபோயிருந்தார் என்பது எனக்கு நரை விழுந்த பிறகுதான் புரிந்தது.

அம்மாவிடம் கடைசியாகத்தான் சொன்னேன். நம்பிக்கையே இல்லாமல் சொன்னேன். அவள் கிழங்கைச் சீவிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடித்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அத்தை வூட்ல மட்டும் எப்பிடி எறும்பு நடக்குது?"

"மெழுகிட்டாங்கம்மா. மருந்து மண்ணுக்கு அடியில பூடுச்சு."

"ஓ" என்றாள். கிழங்கை எடுத்துப் பானையில் போட்டாள்.

மூன்றாவது செவ்வாய் விடிகிற நேரத்தில் என்னை எழுப்பினாள். அவள் தலையில் செம்மண் கூடை, இடுப்பில் சாணிக் கூடை. என் கையில் தண்ணீர்க் குடம். பாறையடியில் கூடைகளை இறக்கிவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகினாள். "நீ கீழயே நில்லு. காலு படக் கூடாது" என்றாள். பாறை விளிம்பில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் ஏறிவிட்டாள்.

நான் கூடைகளையும் குடத்தையும் மேலே எடுத்துக் கொடுத்தேன். மண்ணையும் சாணியையும் குழைத்து, குனிந்து, கல்லைச் சுற்றி வளைத்து வளைத்து மெழுகினாள். ஒரு விரற்கடை இடம் பாக்கியில்லை. முடித்ததும் இறங்கிக் கைகால் கழுவிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அவள் செய்ததில் ஒரே ஒரு பிசகு. நம் பக்கத்தில் மெழுகின தரையைப் பார்த்தே யார் கை என்று சொல்லிவிடுவார்கள். என் அம்மா இடதுகைக்காரி. அவள் வளைவுகள் எல்லாம் ஊரில் மற்றப் பெண்களுடைய வளைவுகளுக்கு எதிர்ப்பக்கமாக ஓடும். காலையில் ஊர் வந்து நின்றபோது பாறை முழுக்க அந்த வளைவுகள், ஈரம் காயாமல்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா, அம்மாவின் இடதுகையையே பார்த்தார். நகக்கண்ணில் செம்மண் அப்படியே இருந்தது. ஊர்க்கவுண்டர் வானத்தைப் பார்த்தார். பெரியப்பா பாறையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"சாமி தன் வூட்டைத் தானே மெழுகிக்கிச்சு. சாமையைக் கொண்டாங்க" என்றார்.

நான் அன்றைக்கு அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன், இவ்வளவு பெரிய ஆட்களுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று. தெரியாமல் இல்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எல்லாருக்கும் பசியும் இருந்தது.

எறும்பு வந்தது. முதலில் ஒன்று வந்து மோப்பம் பிடித்துவிட்டுப் போனது. அப்புறம் ஒரு வரிசை, அதற்குப் பின்னால் இன்னொரு வரிசை. வெயில் ஏறுவதற்கு முன்பே ஒரு குருணை பாக்கியில்லை. பெரியப்பா அழுதுவிட்டார். அன்று மத்தியானம் தின்ற சாமைச் சோற்றின் ருசியை எழுத எனக்குத் தெரியவில்லை. உப்புகூடப் போடவில்லை, அப்படி ஒரு ருசி. இரண்டாம் கவளத்தில் எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போலிருந்தது, சாமி வரவில்லை, சாணிதான் வந்தது என்று. வாயைத் திறந்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தாள். "தின்னு" என்றாள்.

மறுநாள் விடியும் முன்பே என் தகரப் பெட்டியை எடுத்து வாசலில் வைத்துவிட்டாள். புதுச் சோறு இன்னும் நாலு நாள் தின்றுவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சினேன். "இப்பவே போ" என்று விரட்டினாள். திரும்பிப் பார்த்தபோது வாசலில்கூட நிற்கவில்லை. இரக்கமில்லாதவள் என்று அழுதுகொண்டே அப்பா பின்னால் நடந்தேன். நம் விடுதிக்கு வந்து அம்மை போட்டது என்று உங்களிடம் சொன்னேன்.

என் படிப்பை யாரும் அப்புறம் நிறுத்தவில்லை. அந்த இரண்டு பெண்களும் அடுத்தடுத்த வருஷம் வந்தார்கள். நான் டீச்சரானேன். சாமி கும்பிடுவதை எப்போதோ விட்டுவிட்டேன், அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் யார் செய்தது என்பதற்கு நீங்கள் அனுப்பிய இரண்டு வீடியோவிலும் பதில் இல்லை. தெரியும் என்கிற தோரணைதான் இருக்கிறது. எனக்குத் தெரியாது. கேட்பதை விடப்போவதும் இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் நான் ரொம்ப வருஷம் தெரிந்தவள்போலப் பேசிக்கொண்டிருந்தேன். வகுப்பிலும் ஆசிரியர் கூட்டங்களிலும் இந்தக் கதையைச் சொல்லி, நான் பார்த்த முதல் நாத்திகவாதி கைநாட்டு வைக்கிற என் அம்மா என்று முடிப்பேன். நன்றாகக் கைதட்டுவார்கள்.

அம்மா கடைசிக் காலத்தில் என்னோடு வந்து இருந்தாள். ஒருநாள் என்னைப் பார்க்க வந்த ஒரு டீச்சரிடம் அவள் எதிரிலேயே இதைச் சொன்னேன். "சாமி இல்லன்னு அப்பவே தெரிஞ்சுகிட்டவங்க எங்கம்மா" என்றேன். அம்மா முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"யாரு சொன்னது, இல்லன்னு?" என்றாள்.

"பின்ன எப்படிம்மா ஏறினே?"

"ஏறினவ ஏழு நாளு தாண்ட மாட்டான்னாங்க. சரின்னுதான் ஏறினேன். முந்தின நாளே உன் தம்பிய அத்தைகிட்ட ஒப்படைச்சிட்டேன். வெதச் சாமை எந்தப் பானையில கீதுன்னு உங்க நைனாவுக்குக் காட்டிட்டேன். உன்னை மறுநாளே எதுக்கு வெரட்டினேன்னு நெனச்சிகினு கீறே? செத்துக் கெடக்கறத நீ பார்க்கக் கூடாதுன்னுதான்."

வந்திருந்த டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஏழு நாளும் நான் உங்களோடு ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தேன். அங்கே அவள் ஒவ்வொரு காலையும் இன்றைக்கா நாளைக்கா என்று எண்ணிக்கொண்டு அடுப்பு மூட்டியிருக்கிறாள்.

முறத்தை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். "எட்டாம் நாள் இன்னாம்மா பண்ணே?"

"எந்திரிச்சேன்" என்றாள். "உன் தம்பிய வாங்கிகினு வந்தேன். களத்துல வேலை கெடந்துது."